மாணவர்கள் கண்டுபிடித்த பாடம்

காய்ச்சல் நாலைந்து நாளாக விடவில்லை என்று டாக்டரிடம் போனால், அவர் லேபுக்கு எழுதித் தரும் சீட்டில் ‘விடால்’ என்ற பெயரைப் பலர் பார்த்திருப்பீர்கள். ரிசல்ட்டில் ஓ 1:160, எச் 1:80 என்று சில எண்கள் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு லேபில் இருப்பவரே “டைபாய்டு இருக்குங்க” என்று சொல்லி அனுப்பிவிடுவதும் உண்டு. இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன, எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லவில்லை என்று புரிந்துகொள்ள எனக்கு எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜியின் இரண்டு வருடமும் தேவைப்பட்டது. அப்புறம் அதே பாடத்தை நானே எடுக்கத் தொடங்கியபோதுதான் இன்னொன்று தெரிந்தது. இந்த ஒரு பரிசோதனையைப் பிடித்துக்கொண்டு நடந்தால் பாக்டீரியாலஜி, ஜெனிடிக்ஸ், நோய் எதிர்ப்பைப் படிக்கும் இம்யூனாலஜி மூன்றுக்குள்ளும் போய்விடலாம். போகிற வழியில் முக்கியமான திருப்பங்களில் நிற்பவர்கள் பெரும்பாலும் மாணவர்கள்.

பாடத்திட்டத்தில் இது எதுவும் இப்படித் தெரியாது. பாக்டீரியா நீந்தப் பயன்படுத்தும் கசையிழை முதல் செமஸ்டரில் வரும். ஃபாஜ் என்கிற பாக்டீரியா வைரஸ் ஒரு செல்லின் மரபணுவை இன்னொன்றுக்குத் தூக்கிக்கொண்டு போவது ஜெனிடிக்ஸ் பேப்பரில் வரும். கிருமியைப் பிடிக்க உடல் தயாரிக்கும் புரதமான ஆன்டிபாடி இம்யூனாலஜியில், டைபாய்டு மெடிக்கல் பாக்டீரியாலஜியில். நாலு பேப்பர், நாலு ஆசிரியர்கள், நாலு நோட்டு. இதில் இம்யூனாலஜிதான் மாணவர்களை அதிகம் பயமுறுத்துகிறது. சிடி4, சிடி8, சிடி28 என்று ஒரு பட்டியல், இன்டர்லூக்கின்களுக்கு இன்னொரு பட்டியல், காம்ப்ளிமென்ட் புரதங்களுக்கு மற்றொன்று. பரீட்சைக்கு முந்தைய வாரம் ஹாஸ்டல் வராந்தாவில் நடந்துகொண்டே மனப்பாடம் செய்வார்கள். பரீட்சை முடிந்த வாரமே போய்விடும். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு விஷயம் எப்படித் தெரியவந்தது என்பதை எடுத்துவிட்டு முடிவை மட்டும் கொடுத்தால் யாருக்கும் அது தங்காது.

சரி, விடாலிலிருந்தே தொடங்குகிறேன்.

டியூப் முறையில் செய்யும்போது நோயாளியின் சீரத்தை, அதாவது ரத்தம் உறைந்த பிறகு பிரியும் தெளிந்த நீரை, சலைனில் இரண்டிரண்டு மடங்காக நீர்த்துக்கொண்டே போவோம். 1:20, 1:40, 1:80 என்று டியூப்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றிலும் கொல்லப்பட்ட டைபாய்டு கிருமியான சால்மோனெல்லா டைஃபி கலந்த ஆன்டிஜெனை (ஆன்டிபாடி போய்ப் பிடிக்கும் பொருள்) சேர்த்து, 37 டிகிரி வாட்டர் பாத்தில் இரவு முழுக்க வைப்போம். சீரத்தில் ஆன்டிபாடி இருந்தால் பாக்டீரியாக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அடியில் படியும். கடைசியாக எந்த டியூபில் ஒட்டல் தெரிகிறதோ அதுதான் டைட்டர். ஓ ஆன்டிஜெனுக்கு உருண்டை அடி கொண்ட ஃபீலிக்ஸ் டியூப், எச் ஆன்டிஜெனுக்குக் கூம்பு அடி கொண்ட டிரையர் டியூப். ரெக்கார்டில் இரண்டையும் படம் வரைந்து பாகம் குறிக்கச் சொல்வார்கள்.

அங்கேயே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஓ டியூபில் ஒட்டல் சின்னச் சின்னக் குருணையாக, இறுக்கமாக இருக்கும். எச் டியூபில் பொசுபொசுவென்று தளர்வாக, டியூபை லேசாக ஆட்டினாலே கலைந்துவிடும்படி இருக்கும். ஒரே பாக்டீரியா, ஒரே நோயாளியின் சீரம், பிறகு ஏன் இந்த வித்தியாசம்? ஓ என்பது பாக்டீரியாவின் வெளிச்சுவரில் இருக்கும் சர்க்கரைச் சங்கிலி. அதில் ஆன்டிபாடி பிடித்தால் உடலும் உடலும் நெருங்கி ஒட்டும். எச் என்பது கசையிழை. நீளமான இழைகளைப் பிடித்துக் கட்டினால் உடல்கள் தள்ளித் தள்ளியே நிற்கும். மைக்ராஸ்கோப் இல்லாமல், வெறும் கண்ணால், ஒரு பாக்டீரியாவின் அமைப்பை டியூபின் அடியில் பார்க்கிறோம். ஆன்டிஜென் தயாரிக்கும் முறையும் இதோடு சேர்ந்ததுதான். கசையிழை அப்படியே நிலைக்க வேண்டும் என்றால் ஃபார்மலின். கசையிழையை ஒதுக்கிவிட்டு ஓ மட்டும் வேண்டும் என்றால் ஆல்கஹால். இதைச் சொல்லிக்கொடுத்த என் மேடம் போர்டில் ஒரு வரிகூட எழுதவில்லை. டியூபைக் கையில் கொடுத்து, ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் பார்க்கச் சொன்னார். எனக்குப் பட்டியலில்லாமல் புரிந்த முதல் இம்யூனாலஜி அதுதான்.

இந்த ஒட்டலைக் கண்டவர்கள் மாக்ஸ் ஃபான் க்ரூபரும் ஹெர்பர்ட் டர்ஹமும். வருடம் 1896, ஊர் வியன்னா. டர்ஹம் க்ரூபரின் லேபுக்கு இங்கிலாந்திலிருந்து ஆய்வு பயில வந்தவர். தெரிந்த சீரத்தை வைத்துத் தெரியாத பாக்டீரியாவை அடையாளம் காணலாம் என்று அவர்கள் சொன்னார்கள். அதே வருடம் பாரிஸில் ஃபெர்னான் விடால் அதைத் திருப்பிப்போட்டார். தெரிந்த பாக்டீரியாவை எடுத்துக்கொண்டு நோயாளியின் சீரத்தைச் சோதித்தால் அவருக்கு என்ன நோய் என்று சொல்லலாம் என்றார். நூற்றிருபது வருடத்துக்கு மேல் ஆகியும் நம் ஊர் லேப்களில் இது இருக்கிறது. சால்மோனெல்லா என்ற பெயரிலும் ஒரு கதை உண்டு. 1885-இல் பன்றிகளிலிருந்து அந்த வகைக் கிருமியை முதலில் பிரித்தெடுத்தவர் தியோபால்ட் ஸ்மித் என்ற இளம் உதவியாளர். பெயர் அவருடைய மேலதிகாரி டேனியல் சால்மனுக்குப் போனது. இதை நான் வகுப்பில் தவறாமல் சொல்கிறேன். வேலையைச் செய்தவர் பெயர் மாணவர்களுக்குத் தெரிய வேண்டும்.

ஜெனிடிக்ஸ் பேப்பருக்கு வருவோம். 1946-இல் ஜோஷுவா லெடர்பெர்க், ஈ. கோலை பாக்டீரியாக்கள் ஒன்றோடொன்று சேர்ந்து மரபணுக்களைப் பரிமாறிக்கொள்கின்றன என்று காட்டினார். அப்போது அவருக்கே இருபத்தொரு வயது. பிறகு விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் அவரிடம் நார்ட்டன் ஸிண்டர் என்ற மாணவர் வந்து சேர்ந்தார். சால்மோனெல்லாவும் அப்படிச் சேருகிறதா என்று பார்ப்பது ஸிண்டரின் வேலை. வெவ்வேறு குறைபாடு உள்ள இரண்டு ரகங்களைக் கலந்தார். குறை நீங்கிய பாக்டீரியா கிடைத்தது. அத்தோடு நின்றிருந்தால் ‘சால்மோனெல்லாவும் சேருகிறது’ என்று எழுதிப் பட்டம் வாங்கியிருக்கலாம். அவர் இரண்டு ரகங்களையும் யூ வடிவக் கண்ணாடிக் குழாயின் இரண்டு கைகளில் வைத்தார். நடுவில் ஃபில்டர். திரவம் போகும், பாக்டீரியா போகாது. ஒன்றையொன்று தொட வழியே இல்லை. அப்படியும் குறை நீங்கியது. டிஎன்ஏவைச் சிதைக்கும் நொதியைச் சேர்த்துப் பார்த்தார், அப்போதும் நிற்கவில்லை. ஆகவே வெறும் டிஎன்ஏவும் இல்லை. ஃபில்டரைத் தாண்டிப் போனது ஒரு ஃபாஜ். அது தன் உறைக்குள் பாக்டீரியாவின் மரபணுத் துண்டைத் தவறுதலாக அடைத்துக்கொண்டு அடுத்த செல்லுக்குக் கொண்டுபோனது. 1952-இல் வெளியான அந்தக் கட்டுரைதான் நாம் டிரான்ஸ்டக்‌ஷன் என்று ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதும் விஷயம். எதிர்பார்த்த விடை கிடைத்த பிறகும் ‘வேறு வழியில் இது நடந்திருக்குமா’ என்று கேட்ட ஒருவரால் வந்தது. என் வகுப்பில் யூ குழாயை மட்டும் வரைந்து வைத்துவிட்டு, அடுத்து என்ன செய்வீர்கள் என்று கேட்பேன். பெரும்பாலும் யாராவது ஒருவர் டிஎன்ஏ நொதியைச் சொல்லிவிடுகிறார். அந்த நிமிடம் அந்த முகத்தைப் பார்ப்பதற்காகவே இந்தப் பாடத்தை எடுக்கலாம்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த கதை. இது ஒரு வகுப்பு பிராக்டிகலில் நடந்தது.

கோழிக்கு வால் பக்கம், எச்சத் துவாரத்துக்கு மேலே, ஒரு சின்னப் பை இருக்கும். பதுவா நகரத்தின் ஃபாப்ரிசியஸ் அதை விவரித்து எழுதியதால் ஃபாப்ரிசியஸ் பை, ஆங்கிலத்தில் பர்சா, என்று பெயர். அவர் இறந்த பிறகு, 1621-இல் அந்த எழுத்து அச்சானது. முன்னூறு வருடத்துக்கு மேலாகியும் அது எதற்கு என்று யாருக்கும் தெரியவில்லை. 1950களில் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கோழியியல் படித்துக்கொண்டிருந்த புரூஸ் க்ளிக் அதைப் பற்றித் தன் பேராசிரியரிடம் கேட்டார். நல்ல கேள்வி, நீயே கண்டுபிடி என்ற மாதிரி பதில் வந்தது. க்ளிக் இளம் கோழிகளில் அந்தப் பையை வெட்டி எடுத்து, வளர்ச்சியில் ஏதாவது மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். பெரிதாக எதுவும் தெரியவில்லை.

அவருடன் படித்த டிமத்தி சாங்குக்கு ஒரு வகுப்பு எடுக்க வேண்டியிருந்தது. கோழிக்கு சால்மோனெல்லா ஆன்டிஜெனை ஊசி போட்டு, சில நாள் கழித்து ரத்தம் எடுத்து, சீரத்தில் ஆன்டிபாடி வந்திருப்பதை ஒட்டலாகக் காட்ட வேண்டும். நாம் செய்யும் அதே பிராக்டிகல்தான். கையில் கோழி இல்லாததால் க்ளிக்கிடம் கேட்டு வாங்கினார். வந்தவற்றில் பை நீக்கிய கோழிகளும் இருந்தன. ஊசி போட்டார், ரத்தம் எடுத்தார், வகுப்பில் காட்டினார். ஒட்டல் வரவில்லை.

பிராக்டிகல் சொதப்பினால் நாம் என்ன செய்வோம் என்று எல்லோருக்கும் தெரியும். பக்கத்து பேட்ச் ரீடிங்கை வாங்கி எழுதிவிடுவோம், அல்லது ஆன்டிஜென் கெட்டுப்போச்சு என்று சொல்லிவிடுவோம். சாங் அதைச் செய்யவில்லை. எந்தக் கோழிகளில் வரவில்லை என்று பார்த்தார். பை இல்லாத கோழிகள். இருவரும் உட்கார்ந்து பேசி, ஒழுங்காகத் திட்டமிட்டு, அதிகக் கோழிகளை வைத்து மறுபடி செய்தார்கள். இளம் வயதிலேயே பையை எடுத்துவிட்டால் கோழியால் ஆன்டிபாடி உருவாக்க முடியவில்லை என்பது உறுதியானது. சயின்ஸ் இதழ் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டது. 1956-இல் கோழி வளர்ப்பு ஆய்விதழ் ஒன்றில் வெளியானது. இம்யூனாலஜிக்காரர்கள் அதைக் கவனிக்கவே சில வருடங்கள் ஆகின.

1961-இல் லண்டனில் ஜாக் மில்லர் சுண்டெலிக் குட்டிகளின் நெஞ்சுக்குள் இருக்கும் தைமஸ் சுரப்பியை நீக்கி, நோய் எதிர்ப்பின் இன்னொரு பாதியைக் காட்டினார். 1965-இல் மேக்ஸ் கூப்பரும் ராபர்ட் குட்டும் கோழியில் பையின் வேலையையும் தைமஸின் வேலையையும் பிரித்துக் காட்டினார்கள். பி செல், டி செல் என்று நாம் முதல் வகுப்பிலேயே எழுதிக்கொள்ளும் இரண்டு எழுத்துகளில் டி வந்தது தைமஸிலிருந்து, பி வந்தது பர்சா என்ற அந்தப் பையிலிருந்து. அதாவது, ஒரு மாணவர் இன்னொரு மாணவரிடம் வகுப்புக்காக வாங்கிய கோழிகளிலிருந்து.

ஆன்டிபாடியை எந்த செல் செய்கிறது என்று தெரிந்தாலும் பெரிய கேள்வி மிச்சம் இருந்தது. உலகத்தில் இருக்கும் எந்தப் பொருளுக்கும், ஏன், லேபில் புதிதாகச் செய்த பொருளுக்கும்கூட, உடல் எப்படிப் பொருத்தமான ஆன்டிபாடியைத் தயாரிக்கிறது? 1940-இல் லைனஸ் பாலிங் ஒரு விடை சொன்னார். அச்சில் மாவை அழுத்துவதுபோல, ஆன்டிஜெனின் மேல் படிந்து ஆன்டிபாடி அதன் வடிவத்தை வாங்கிக்கொள்கிறது என்றார். அழகான, எளிமையான விடை. ஆனால் தவறான விடை. 1957-இல் மெல்போர்னில் மெக்ஃபார்லேன் பர்னெட் நேர்மாறாகச் சொன்னார். ஆன்டிஜென் வருவதற்கு முன்பே விதவிதமான செல்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஒரே ஒரு வகை ஆன்டிபாடிக்கானது, ஆன்டிஜென் வந்து தனக்குப் பொருந்தும் செல்லைத் தேர்ந்தெடுத்துப் பெருகவைக்கிறது.

இதைக் கேட்டதும் ஜெனிடிக்ஸ் நோட்டைத் திறக்கத் தோன்ற வேண்டும். 1943-இல் சால்வடோர் லூரியாவும் மாக்ஸ் டெல்ப்ரூக்கும் கேட்ட கேள்வியும் இதேதான். ஃபாஜைக் கண்ட பிறகு பாக்டீரியா எதிர்ப்பைக் கற்றுக்கொள்கிறதா, இல்லை ஃபாஜ் வருவதற்கு முன்பே சில பாக்டீரியாக்கள் திடீர்மாற்றத்தால் அப்படி இருந்தனவா? ஒரு ஆசிரியர் விருந்தில், காசு போட்டு விளையாடும் ஸ்லாட் மெஷினில் ஒருவர் தோற்றுக்கொண்டே இருந்துவிட்டு ஒரேயடியாக ஜெயித்ததைப் பார்த்து லூரியாவுக்குச் சோதிக்கும் வழி தோன்றியது. கற்றுக்கொள்வதாக இருந்தால் எல்லாக் குழாய்களிலும் எதிர்ப்புள்ளவை ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். முன்பே நடந்ததாக இருந்தால் பலவற்றில் ஒன்றிரண்டும், எப்போதோ சீக்கிரம் மாறிவிட்ட ஒரு குழாயில் ஏராளமும் இருக்கும். இரண்டாவதுதான் நடந்தது. 1952-இல் எஸ்தர் லெடர்பெர்க்கும் ஜோஷுவா லெடர்பெர்க்கும் வெல்வெட் துணியில் காலனிகளை ஒற்றியெடுத்து அதையே நேரடியாகக் காட்டினார்கள். ரெப்ளிகா பிளேட்டிங்கை நாமும் பிராக்டிகலில் செய்கிறோம். துணிக்கடையில் வெல்வெட் வாங்கி, ஆட்டோகிளேவ் செய்து, மரக்கட்டையில் கட்டி.

அந்த லெடர்பெர்க் 1957-இல் பர்னெட்டின் நிறுவனத்துக்கு மெல்போர்ன் போனார். அங்கே கஸ் நாஸல் என்ற இளம் டாக்டர் பர்னெட்டிடம் பிஎச்.டி. தொடங்கியிருந்தார். பர்னெட் சொல்வது சரியென்றால் ஒரு செல் ஒரு வகை ஆன்டிபாடியைத்தான் செய்ய வேண்டும். அதைப் பொய்யென்று காட்டிவிட முடியுமா என்று இருவரும் பார்த்தார்கள். எலிகளுக்கு இரண்டு வகை சால்மோனெல்லாவின் கசையிழைகளை ஊசி போட்டார்கள். காலில் புண் வந்தால் நமக்குத் தொடை இடுக்கில் நெறி கட்டுமே, அதுபோன்ற நிணநீர் முடிச்சிலிருந்து செல்களைப் பிரித்து, ஒரு துளிக்கு ஒரு செல்லாக, எண்ணெய்க்கு அடியில் மிக நுண்ணிய துளிகளில் வைத்தார்கள். கொஞ்ச நேரம் விட்டு, துளிக்குள் நீந்தும் சால்மோனெல்லாவை விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். கசையிழைக்கு எதிரான ஆன்டிபாடி இருந்தால் பாக்டீரியா நீந்த முடியாமல் நின்றுவிடும். ஒரு துளியில் முதல் வகை நின்றது. இன்னொரு துளியில் இரண்டாவது வகை நின்றது. இரண்டையும் நிறுத்திய செல் ஒன்றுகூட இல்லை. 1958-இல் நேச்சர் இதழில் வெளியானது.

நம் டிரையர் டியூபின் அடியில் பொசுபொசுவென்று படிந்திருக்கும் அதே எச் ஆன்டிஜென்தான் அந்தத் துளிக்குள்ளும் இருந்தது. பாக்டீரியா ஜெனிடிக்ஸும் இம்யூனாலஜியும் ஒரே கேள்வியின் இரண்டு முகங்கள் என்று அந்தத் துளியில் தெரிகிறது. இதை ஏன் இரண்டு செமஸ்டரில், ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாததுபோல எடுக்கிறோம் என்று எனக்கு வருத்தம் உண்டு.

தொடர்பு இன்னும் ஆழமானது. சால்மோனெல்லாவின் பல வகைகள் இரண்டு விதமான கசையிழைப் புரதங்களை மாற்றி மாற்றி அணியும். அதற்காகத் தன் டிஎன்ஏவில் ஒரு துண்டையே வெட்டித் திருப்பிவைக்கிறது. இது 1970களின் பிற்பகுதியில் தெளிவானது. அதே காலத்தில், 1976-இல், பேசல் நகரில் சுசுமு டொனெகாவாவும் நொபுமிச்சி ஹொஸுமியும் ஆன்டிபாடி செய்யும் செல்கள் தங்கள் டிஎன்ஏவை வெட்டி மாற்றியடுக்கித்தான் பலவகை ஆன்டிபாடிகளைப் பெறுகின்றன என்று காட்டினார்கள். தாக்குவதும் தடுப்பதும் ஒரே மாதிரியான வித்தையைக் கையாள்கின்றன. வகுப்பில் இதைச் சொன்னால், வழக்கமாகப் பேசாதவர்கள்கூட நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

நம் ஊர் இதில் எங்கே வருகிறது?

விடால் டைட்டரே முதல் இடம். டைபாய்டு அதிகம் புழங்கும் பகுதியில், நோய் இல்லாதவர்களின் ரத்தத்திலும் ஓரளவு ஆன்டிபாடி இருக்கும். எப்போதோ தொற்று வந்துபோயிருக்கும், தடுப்பூசி போட்டிருப்பார்கள், அல்லது உறவுக்காரக் கிருமி ஒன்றுக்கு எதிராக உருவானது இதிலும் ஒட்டும். ஆகவே ஒரே ஒரு விடால் ரிசல்ட்டை வைத்து டைபாய்டு என்று முடிவு கட்டக்கூடாது. ஏழெட்டு நாள் இடைவெளியில் இரண்டு முறை எடுத்து, டைட்டர் நான்கு மடங்கு ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதைவிட நல்லது, ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் ரத்தத்தை எடுத்துக் கல்ச்சர் போடுவது. அந்தந்த வட்டாரத்தில் ஆரோக்கியமானவர்களின் சாதாரண டைட்டர் என்ன என்று தெரிந்திருந்தால்தான் 1:80 என்பதற்கு அர்த்தம் உண்டு. பாடப்புத்தகத்தில் அச்சாகியிருக்கும் எண் எல்லா ஊருக்கும் பொருந்தாது.

இதையே மிகப் பெரிய அளவில் காட்டியது அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968-இல் தொடங்கிய பிசிஜி ஆய்வு. இன்றைய திருவள்ளூர் வட்டாரத்தில், இரண்டரை லட்சத்துக்கும் அதிகமான மக்களிடம் நடந்தது. இங்கிலாந்தில் நன்றாகப் பாதுகாப்புக் கொடுத்த காசநோய்த் தடுப்பூசி, இங்கே பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயைத் தடுக்கவில்லை என்று 1979-இல் முதல் முடிவு வந்தது. பதினைந்து வருடத் தொடர் கண்காணிப்பிலும் அதுவே உறுதியானது. குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயிலிருந்து பிசிஜி காப்பாற்றுகிறது என்பதால் பிறந்தவுடன் போடுவது தொடர்கிறது. பெரியவர்களிடம் ஏன் பலிக்கவில்லை என்பதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று, நம் மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கும் காசநோய்க் கிருமியின் உறவினங்களை உடல் ஏற்கெனவே சந்தித்துவிட்டது என்பது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் ஜான், போலியோ சொட்டு மருந்து மூன்று முறை கொடுத்தும் நம் குழந்தைகள் பலருக்கு எதிர்பார்த்த அளவு எதிர்ப்பு வரவில்லை என்று எழுதினார். உடல் எந்த ஊரில், எந்தக் கிருமிகளுக்கு நடுவில் வளர்ந்தது என்பதும் இம்யூனாலஜிதான். சுத்தமான கூண்டில் வளர்ந்த சுண்டெலியின் கதையை மட்டும் படித்துவிட்டு, பஸ் ஏறினால் போய்விடக்கூடிய தூரத்தில் நடந்த இந்த ஆய்வைப் பற்றி ஒரு வரி தெரியாமல் நம் மாணவர்கள் பட்டம் வாங்குவதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

மாணவர் ஆய்வு என்றால் சென்னையில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. ரத்தத்தில் ஆன்டிபாடி போன்றவை இருப்பதை நிறமாற்றத்தால் காட்டும் எலைசா பரிசோதனை 1971-இல் வந்தது. அதை ஸ்டாக்ஹோமில் பீட்டர் பெர்ல்மனுடன் உருவாக்கிய ஈவா எங்வால் அப்போது ஆய்வு மாணவிதான். பதினாலு வருடம் கழித்து, மதராஸ் மருத்துவக் கல்லூரியில் மைக்ரோபயாலஜி முதுகலை படித்துக்கொண்டிருந்த செல்லப்பன் நிர்மலாவிடம், எய்ட்ஸ் கிருமி இங்கே இருக்கிறதா என்று பார்க்கலாமே என்று அவருடைய பேராசிரியர் சுனிதி சாலமன் ஆய்வுத் தலைப்பாகச் சொன்னார். அது நம் நாட்டில் இல்லை, இங்கே வராது என்று பலர் உறுதியாக நம்பிய காலம். நிர்மலா பாலியல் தொழில் செய்த பெண்களைச் சந்தித்துப் பேசி, சுமார் எண்பது ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். வசதியான இடம் இல்லாததால் சீரத்தைத் தன் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்திருந்தார். 1986 பிப்ரவரியில் அவரும் கணவரும் அவற்றை ஐஸ் பெட்டியில் வைத்து, ரயில் ஏறி, வேலூருக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஜேக்கப் ஜானின் லேபில் எலைசா செய்தார்கள். ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின. மறுபடி செய்தும் அதே முடிவு. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் வேறு முறையிலும் சோதித்து உறுதி செய்தார்கள். இந்தியாவில் எச்ஐவி இருக்கிறது என்பது அப்படித்தான் தெரியவந்தது. நிர்மலா 1987-இல் தன் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். பட்டத்துக்காகச் செய்த ஒரு ஆய்வேடு.

இதை எழுதும்போது நாலாவது செமஸ்டர் பிராஜெக்ட்கள் நினைவுக்கு வருகின்றன. ஒரு இலையை அரைத்துச் சாறு எடுப்பது, பிளேட்டில் கிணறு வெட்டி ஊற்றுவது, எத்தனை மில்லிமீட்டர் வளையம் வந்தது என்று அளப்பது, முடிவில் அந்த இலைக்கு மருத்துவ குணம் உண்டு என்று எழுதுவது. எங்கள் பக்கம் பல கல்லூரிகளில் வருடா வருடம் இதுதான், இலை மட்டும் மாறும். இன்னும் சிலர் பணம் கொடுத்து வெளியில் செய்து வாங்கிவிடுகிறார்கள். பிள்ளைகளுக்கு ஆர்வம் இல்லை என்று நான் நம்பவில்லை. கேள்வி கேட்பதற்கு அவர்களுக்கு நாம் இடம் தரவில்லை. பணமும் பெரிய தடை இல்லை. ரத்த வங்கியோடு பேசி, நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்கி, நம் மாவட்டத்தில் ஆரோக்கியமானவர்களின் விடால் டைட்டர் என்ன என்று பார்க்க டியூப், சலைன், ஆன்டிஜென், வாட்டர் பாத் போதும். அது பக்கத்து ஆஸ்பத்திரி டாக்டருக்கு நாளைக்கே பயன்படும்.

பிராக்டிகலில் நான் ஒரு மாற்றம் கொண்டுவந்திருக்கிறேன். ரெக்கார்டில் செய்முறைக்கும் முடிவுக்கும் நடுவில், ‘எதிர்பார்ப்பது, ஏன்’ என்று இரண்டு வரி. பரிசோதனை தொடங்கும் முன் பேனாவில் எழுத வேண்டும். முடிவு வேறாக வந்தால் அடிக்கக்கூடாது, கிழிக்கக்கூடாது. வேறாக வந்ததற்கு மதிப்பெண் குறையாது.

இந்த வருடம் எங்கள் ஸ்டாக்கில் இருந்த சால்மோனெல்லா கல்ச்சரை ஸ்லைடில் ஆன்டிசீரத்தோடு கலந்து உறுதிசெய்யும் பிராக்டிகலில், ஒரு மாணவி, ஆன்டிசீரம் இல்லாமல் வெறும் சலைனில் கலந்து ஒப்பிடும் சலைன் கன்ட்ரோலுக்கு ‘எதுவும் நடக்காது, ஆன்டிபாடி இல்லை’ என்று எழுதியிருந்தார். சலைனிலேயே ஒட்டிவிட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் ஸ்லைடு சரியாகக் கழுவவில்லை என்றார்கள். அவர் புது ஸ்லைடில், புது சலைனில் செய்து காட்டினார், மறுபடியும் ஒட்டியது. உட்கார்ந்து பேசினோம். வருடக்கணக்கில் சப்கல்ச்சர் செய்து, அதாவது புது ஊடகத்துக்கு மாற்றி மாற்றி வளர்த்துக்கொண்டே, வந்த கல்ச்சரில் ஓ சங்கிலியை இழந்த திடீர்மாற்ற ரகம் மேலோங்கியிருக்கலாம். அப்படிப்பட்டவை ஆன்டிபாடி இல்லாமலே தாமாக ஒட்டிக்கொள்ளும். அக்ரிஃப்ளேவின் என்ற சாயத்தின் கரைசலில் கலந்து பார்த்தோம், அதிலும் ஒட்டியது. ஓ சங்கிலி போய்விட்டது என்பதற்கு அது இன்னொரு அடையாளம். வைவாவில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அந்தப் பக்கத்தைத் திறந்து, வேறு எதையும் கேட்காமல் அதைப் பற்றியே அவரிடம் பேசிக்கொண்டிருந்தார். புதிய கல்ச்சர் கேட்டு சண்டிகரில் உள்ள எம்டிசிசி என்ற நுண்ணுயிர் சேகரிப்பகத்துக்கு எழுதியிருக்கிறோம். பழைய கல்ச்சரைத் தூக்கிப்போட வேண்டாம் என்று அந்த மாணவி கேட்டுக்கொண்டார். அதில் இன்னும் ஓ சங்கிலியோடு இருக்கும் செல்கள் மிச்சம் இருக்கின்றனவா என்று தனித்தனிக் காலனியாக எடுத்துப் பார்க்க வேண்டுமாம். அடுத்த செமஸ்டரில் அதுதான் அவருடைய பிராஜெக்ட்.